காப்புறுதிச் சீட்டும் வைத்தியசாலை வாயிலும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிலிருந்து அதனை ஊட்டுபவன் என்பன அவை. வைத்தியனுக்குரிய ஊதியத்தை யார் கொடுப்பது என்னும் வினா அந்நான்கினுள் இடம்பெறவில்லை. கைத்தொழிற் புரட்சியின் பின்னர், கூலியொன்றையே நம்பி நகரங்களில் வாழும் பெருந்தொகையான மக்கள் தோன்றிய பொழுதே அவ்வினா தனியொரு கூறாக வலுப்பெற்றது. ஆலைத் தொழிலாளி நோயுற்றால் கூலி நிற்கும். நின்ற அந்நாளிலேயே வைத்தியச் செலவும் வந்து சேரும். இவ்விரட்டை இடரைப் பலர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தாற் சிலருக்குத் தீர்த்து வைப்பதே நோய்க் காப்புறுதி எனப்படும்.

காப்புறுதி பெற்றவன் பராமரிப்பும் பெற்றவனாவான் என்றே பலரும் எளிதிற் கருதிவிடுவர். சீட்டு ஒருவன் கையில் இருத்தல் ஒன்று; அச்சீட்டைக் கொண்டு அவன் வைத்தியனின் வாயிலைக் கடந்து உட்புகுதல் வேறொன்று. இவ்வேறுபாட்டை வேறெந்த நாட்டிலும் பார்க்க ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாறு துலக்கமாகக் காட்டுகின்றது. செல்வத்தாலும் மருத்துவ அறிவாலும் முதன்மை பெற்ற அந்நாட்டில், வறியோரும் கறுப்பின மக்களும் எவ்வாறு பராமரிப்புப் பெற்றனர், ஏன் பெறாது போயினர் என்பது பற்றி நூறாண்டுக்கு மேலாக ஆராய்ச்சி நிகழ்ந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் வரலாறு, அம்மக்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

ஐரோப்பாவின் முன்மாதிரிகளை இங்கு சுருங்கக் கூறுதல் போதும். 1883ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிஸ்மார்க் நோய்க் காப்புறுதிச் சட்டத்தைக் கொணர்ந்தார். தவணைப்பணத்தின் மூன்றிலிரண்டு பங்கைத் தொழிலாளரும் எஞ்சியதை முதலாளிமாரும் செலுத்தினர். 1911இற் பிரித்தானியாவில் லோயிட் ஜோர்ஜ் இயற்றிய சட்டத்தின்படி வாரந்தோறும் தொழிலாளி நான்கு பென்சும், முதலாளி மூன்று பென்சும், அரசு இரண்டு பென்சும் இட்டனர். ஆயின் வைத்தியரின் சேவை தொழிலாளிக்கே உரியதாயிற்று. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது கிட்டவில்லை. 1948 யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கும் வரை பிரித்தானியத் தாய்மார் பலர் தம் நோயைத் தாமே பொறுத்திருந்தனர். சீட்டில் யாருடைய பெயர் எழுதப்படுகின்றது என்னும் வினா காப்புறுதியின் பிறப்போடே பிறந்ததெனலாம்.

அமெரிக்காவிலும் இத்தகைய சட்டமொன்றின் மாதிரி வரைவு 1915இல் வெளிவந்தது. மாநிலங்கள் சிலவற்றின் சட்டசபைகள் வரை அது சென்றது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா புகுந்ததும், நோய்க் காப்புறுதி ஜேர்மானியச் சரக்கெனத் தூற்றப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கொம்பர்ஸ் தாமும் அதனை எதிர்த்தார். தொடக்கத்தில் ஆதரவு காட்டிய அமெரிக்க வைத்திய சங்கம் 1920இல் எதிரணியிற் சேர்ந்தது. எதிர்த்து எழுதியோருள் ஒருவர் பிரடெரிக் ஹொவ்மன். புருடென்ஷல் என்னும் காப்புறுதிக் கம்பனியின் புள்ளிவிவர அறிஞராகிய இவரைப் பற்றி இங்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஹொவ்மன் ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். 1896இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இனப்பண்புகள் பற்றி அவர் எழுதிய நூலை அமெரிக்கப் பொருளியற் சங்கம் வெளியிட்டது. அம்மக்களின் இறப்பு வீதம் உயர்ந்திருத்தற்குக் காரணம் அவர்தம் வாழ்க்கை நிலையன்று, பிறப்பிலேயே அமைந்த இனக் குறைபாடே என்பது அந்நூலின் துணிபு. பக்கந்தோறும் எண்கள், அட்டவணைகள். அக்காலத்தவர் அவற்றைக் கண்டு மலைத்தனர். காப்புறுதிக் கம்பனிகளுக்கோ அந்நூல் மிக வாய்ப்பாய் அமைந்தது. கறுப்பினத்தவருக்குச் சீட்டு மறுத்தற்கும், கொடுத்த சீட்டின் பயனைக் குறைத்தற்கும் விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்துவிட்டதன்றோ! இதே ஹொவ்மன் பின்னாளிற் புற்றுநோய்த் தடுப்பியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராய் நற்பெயர் பெற்றார் என்பதையும் மறைத்தல் தகாது. எண்ணிக்கையில் வல்லவராதல் நியாயத்தில் வல்லவராதலுக்கு உறுதியாகாது.

ஹொவ்மனுக்கு மறுமொழி கூறியவர் டு போய்ஸ். ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் இவர். 1896, 1897ஆம் ஆண்டுகளிற் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகத் தாமே சென்று வினவி, 1899இல் அவ்வாராய்ச்சியை நூலாக்கினார். ஹொவ்மன் அலுவலகத்திலிருந்து எண்களைக் கூட்டினார். டு போய்ஸ் படியேறிச் சென்று அவ்வெண்களின் பின்னே இருந்த ஈரம் படிந்த அறைகளையும், காற்றோட்டமில்லாத சந்துகளையும், ஒரே குழாயில் நீர் பிடித்த குடும்பங்களையும் கண்டார். 1906இல் அற்லாண்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் பதிப்பித்த உடனல ஆராய்ச்சி, இறப்பு வீதத்திலுள்ள வேறுபாட்டை வாழ்க்கை நிலைகளே போதிய அளவு விளக்குகின்றன என்னும் முடிவை முன்வைத்தது. வறுமையும் நோயும் பராமரிப்பும் பற்றிய பிற்காலச் சமூக ஆராய்ச்சிக்கு இவ்விரு நூல்களும் அடிமனையாயின. எனினும் அவை வெளிவந்த காலத்தில் காப்புறுதிக் கம்பனிகள் ஹொவ்மனையே படித்தன.

1927இல் வைத்தியச் செலவு பற்றிய குழுவொன்று அமைக்கப்பட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத் தலைவராகிய வைத்தியர் றே லைமன் வில்பர் அதற்குத் தலைமை தாங்கினார். ஐந்தாண்டு உழைத்து, 1932இல் தன் இறுதி அறிக்கையை அது வெளியிட்டது. ஆண்டு வருமானம் 1,200 டொலருக்குக் குறைந்த குடும்பத்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டு முழுவதிலும் எவ்வகை வைத்தியப் பராமரிப்பும் பெறவில்லை என்பதும், 10,000 டொலருக்கு மேற்பட்ட வருமானமுடையோருள் அவ்வாறு பெறாதோர் ஏழிலொரு பங்கினரே என்பதும் தெரியவந்தன. வைத்தியர் குழுவாகத் தொழில் புரிதலும், மக்கள் குழுவாகப் பணஞ் செலுத்துதலும் வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையோ அதனைப் பொதுவுடைமைக் கிளர்ச்சியெனச் சாடிற்று.

இக்குழுவின் ஆய்வு அக்காலத்திற் பெருமுயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பதினெட்டு மாநிலங்களில் ஓராண்டு தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்ட அந்த 8,758 குடும்பங்களும் வெள்ளையர் குடும்பங்களே. பராமரிப்பு யாருக்குக் கிட்டவில்லை என்று கண்டறியப் புறப்பட்ட ஆய்வு, கிட்டாதோருள் முதல்வரிசையில் நின்றோரைத் தன் ஏட்டிற் பதியாமலே முடிந்தது. எண்ணப்படாதவன் குறை அட்டவணையில் தோன்றுவதில்லை. டு போய்ஸ் காட்டிய நெறியை இருபது முப்பது ஆண்டுகளின் பின்னரும் ஆராய்ச்சியுலகு கைக்கொள்ளவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையில் காப்புறுதி வேறொரு வழியாக வளர்ந்தது. 1929இல் டெக்ஸாஸ் மாநிலத்து டலஸ் நகரில், முன்னர் பாடசாலைகளின் அதிபதியாயிருந்து பேலர் பல்கலைக்கழக வைத்தியசாலையின் நிருவாகத்துக்கு வந்த ஜஸ்ரின் கிம்பல், ஆசிரியர்களுக்கென ஒரு திட்டம் வகுத்தார். மாதம் ஐம்பது சதம் செலுத்தும் ஆசிரியர் ஆண்டில் இருபத்தொரு நாள் வைத்தியசாலையிற் கட்டணமின்றித் தங்கலாம். நீலச் சிலுவை எனப் பெயர் பெற்று நாடெங்கும் பரந்த காப்புறுதி இயக்கத்தின் தோற்றுவாய் இதுவே. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கூலியுயர்வுக்கு அரசு 1942இல் தடைவிதித்ததும், தொழிலாளரை ஈர்க்க விரும்பிய முதலாளிமார் கூலிக்குப் பதிலாகக் காப்புறுதியை வழங்கினர். 1954இன் வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கு அளித்து வேரூன்றச் செய்தது. இவ்வாறு நிலையான தொழிலுடையவனுக்கே காப்புறுதி என்பது அந்நாட்டு வழக்காயிற்று. பருத்தி வயலில் வாரத்துக்கு உழுதவன், பிறர் வீட்டிற் சமைத்தவள், நாட்கூலி, முதியோன் ஆகியோர் இவ்வேலிக்குப் புறத்தே நின்றனர்.

புறத்தே நின்றோர் வாளாவிருந்தனர் என்று கருதுதல் தவறு. மிசிசிப்பி மாநிலத்து வண்டல் நிலப்பகுதியில் மவுண்ட் பயோ என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைத்தளையினின்று விடுபட்டோர் 1887இற் காடு வெட்டி அமைத்த ஊர் அது. கறுப்பினத்தவரின் சகோதர சங்கமொன்று, தாபோர் வீரரும் புதல்வியரும் என்னும் பெயருடையது, 1942இல் அங்கு ஒரு வைத்தியசாலையைத் திறந்தது. உறுப்பினரிற் பெரும்பாலோர் பருத்தி வயலில் வாரக்குடிகள். ஆண்டுக்கு ஒன்பது டொலருக்குங் குறைந்த சந்தா செலுத்திய உறுப்பினர், சத்திரசிகிச்சை உட்பட, முப்பத்தொரு நாள் வரை வைத்தியசாலைப் பராமரிப்புக்கு உரியவராயினர். வைத்தியரும் தாதியரும் கறுப்பினத்தவரே. நாஷ்வில் நகரத்து மெஹாரி வைத்தியக் கல்லூரியிலிருந்து இளஞ் சத்திரவைத்தியர் முறைவைத்து வந்து பணிபுரிந்தனர். சுற்றுவட்டாரத்து வைத்தியசாலைகளிற் பின்வாயிலால் நுழைந்து நிலவறையிற் கிடந்து பழகிய ஒருவன், இங்கு முன்வாயிலால் உட்சென்றான். அந்த ஓருணர்வுக்கு எந்தக் கணக்கேட்டிலும் விலை குறிக்கப்படவில்லை; ஆயின் அவ்வூர் முதியோர் பல்லாண்டு கழித்து அவ்வைத்தியசாலையை நினைவுகூர்ந்தபோது முதலிற் சொன்னது அவ்வாயிலைப் பற்றியே.

அரசு செய்தது யாது? 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நோய்க் காப்புறுதி சேர்க்கப்படவில்லை. 1945 நவம்பரில் சனாதிபதி ட்ரூமன் தேசியக் காப்புறுதித் திட்டத்தை முன்வைத்தார். வைத்திய சங்கம் பெரும்பணஞ் செலவிட்டு அதனை முறியடித்தது. அடுத்த ஆண்டு, 1946இல், ஹில் பேட்டன் சட்டம் நிறைவேறிற்று. வைத்தியசாலைகள் கட்டுதற்கு மத்திய அரசு பணம் உதவும் சட்டம் அது. பாகுபாடு காட்டலாகாது என்று ஒரு வாசகம் அதில் இருந்தது. அதனை அடுத்தே, இரு இனத்தவருக்கும் ஒத்த தரமுடைய தனித்தனி இடவசதி இருப்பின் அவ்விதி பொருந்தாது என்று மற்றொரு வாசகமும் இருந்தது. முன்னதைப் பின்னது விழுங்கியது. வரிப்பணம் அனைவருடையது, அதனாற் கட்டிய கட்டடத்தின் வாயிலோ சிலருக்கே உரியது.

இதனை எதிர்த்து வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரத்துப் பல்வைத்தியர் ஜோர்ஜ் சிம்கின்ஸ் 1962இல் வழக்குத் தொடுத்தார். கறுப்பின வைத்தியரும் பல்வைத்தியரும் நோயாளரும் அவருடன் சேர்ந்து வழக்காளிகளாயினர். அரசுப் பணம் பெற்ற மோசஸ் கோன் வைத்தியசாலையும் வெஸ்லி லோங் வைத்தியசாலையும் பிரதிவாதிகள். கீழ் நீதிமன்றில் வழக்குத் தோற்றது. 1963 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்று சிம்கின்ஸ் பக்கம் தீர்ப்பளித்து, தனித்தனி இடவசதி என்னும் வாசகம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1964 மார்ச்சில் உயர் நீதிமன்று அத்தீர்ப்பை மீள ஆராய மறுத்தது. அவ்வாண்டு யூலையில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்நிறுவனமும் இனப்பாகுபாடு காட்டலாகாது என்று விதித்தது.

விதி எழுதப்பட்டுவிட்டது; வாயில் திறக்கவில்லை. தென் மாநிலங்களில் வைத்தியசாலைகள் பல முன்போலவே நடந்தன. 1965 யூலை 30ஆந் திகதி, ட்ரூமன் அருகிருக்க, மிசூரி மாநிலத்து இன்டிபென்டென்ஸ் நகரிற் சனாதிபதி ஜோன்சன் மெடிக்கேயர் சட்டத்திற் கைச்சாத்திட்டார். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு அரசு நோய்க் காப்புறுதி வழங்கும் திட்டம் அது. அமெரிக்க வைத்திய சங்கம் அதனை இறுதிவரை எதிர்த்தது. கறுப்பின வைத்தியரின் தேசிய வைத்திய சங்கமோ, உடற்கூற்றறிஞர் மொன்டேக் கொப் அவர்களின் தலைமையில் அதனை ஆதரித்தது. தம்மை உறுப்பினராக ஏற்காத தென்மாநில வைத்திய சங்கங்களுக்கு எதிரிடையாகத் தாமே சங்கங்கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். சீட்டில்லாதோர் நிலை அவர்களுக்கு ஏட்டறிவன்று.

மெடிக்கேயர் 1966 யூலை முதலாந் திகதி தொடங்கற்பாலது. ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் முதியோரின் வைத்தியசாலைச் செலவு அரசுத் திறைசேரியிலிருந்து வரப்போகின்றது. அப்பணத்தைப் பெறவிரும்பும் வைத்தியசாலை ஆறாம் பிரிவுக்கு அமைந்து நடத்தல் வேண்டும் என்று ஜோன்சன் அரசு உறுதியாக நின்றது. பொதுச் சுகாதாரச் சேவையின் உத்தியோகத்தரும் தொண்டர்களும் பரிசோதகராய் நாடெங்கும் அனுப்பப்பட்டனர். நோயாளர் விடுதிகளில் இரு இனத்தவரும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளனரா, கறுப்பின வைத்தியருக்கு இடமுண்டா, தாதியர் பயிற்சியிற் பாகுபாடு உண்டா என அவர்கள் ஆராய்ந்தனர். பரிசோதகர் வரும் நாளில் மாத்திரம் நோயாளரை இடம்மாற்றிக் கிடத்திய வைத்தியசாலைகளும் உண்டு. அவற்றின் சூழ்ச்சியை வெளிப்படுத்தியவர் பலர், அவ்வைத்தியசாலைகளிலேயே கூட்டியும் துடைத்தும் சமைத்தும் வந்த கறுப்பின ஊழியர். நான்கு மாதத்துக்குங் குறைந்த காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் தம் வாயிலைத் திறந்தன. நீதிமன்றும் சட்டசபையும் பல்லாண்டு முயன்று முற்றுவிக்காததைப் பணத்தோடு பிணைக்கப்பட்ட நிபந்தனை சில மாதத்தில் முற்றுவித்தது.

முழுவதும் முற்றுவித்தது என்று கூறுதற்கில்லை. வைத்தியசாலைக்குச் செல்லும் பணத்துக்கே அந்நிபந்தனை விதிக்கப்பட்டது. தனிப்பட்ட வைத்தியருக்குச் செல்லும் மெடிக்கேயர்ப் பணம் அரசுதவி அன்று என்று பொருள் கொள்ளப்பட்டதால், வைத்தியரின் சொந்தக் கந்தோர்களுக்கு ஆறாம் பிரிவு பயன்படுத்தப்படவில்லை. வைத்தியசாலையில் அடுத்தடுத்த கட்டிலிற் கிடந்த இருவர், வைத்தியரின் காத்திருப்பு அறைக்குச் சென்றபோது மீண்டும் வெவ்வேறு கதவால் நுழைய நேர்ந்தது.

மெடிக்கேயர் பற்றிய பிற்கால ஆராய்ச்சியில் வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. பொருளியலறிஞர் ஏமி பிங்கல்ஸ்ரைனும் றொபின் மக்நைட்டும் அத்திட்டத்தின் முதற் பத்தாண்டை ஆராய்ந்து, முதியோரின் இறப்பு வீதத்தில் அதனால் விளைந்த மாற்றம் எதனையும் கணிக்க இயலவில்லை என்று கண்டனர். மிகுந்த செலவுக்கு ஆளாகிய முதியோரின் கைப்பணச் செலவு பெரிதுங் குறைந்தமையே அவர்கள் கண்ட நன்மை. அதே காலத்து மிசிசிப்பியை ஆராய்ந்த அல்மொண்ட், சாய், கிறீன்ஸ்ரோன் என்னும் மூவரோ, கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு 1965இன் பின்னர்ச் சடுதியாகக் குறைந்ததைக் காட்டினர். பிறந்து ஒரு மாதங் கடந்து ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளிடையே, சிறப்பாக வயிற்றோட்டத்தாலும் நியூமோனியாவாலும் நேர்ந்த இறப்புக்களே இவ்வாறு குறைந்தன. அவ்விரு நோயும் வீட்டிற் கிடந்தாற் கொல்லும். வைத்தியசாலைக்குக் காலத்தே கொண்டு சென்றால் நீரேற்றியும் மருந்தூட்டியும் காத்துவிடலாம்.

அக்குழந்தைகள் எவரும் மெடிக்கேயர்ச் சீட்டு உடையோரல்லர். முதியோருக்கென இயற்றிய காப்புறுதி, அதனோடு சேர்ந்த நிபந்தனையால், அச்சீட்டுக்கு எவ்வகை உரிமையுமில்லாத குழந்தைகளுக்கு வாயிலைத் திறந்தது. சீட்டுப் பெற்ற முதியோரின் உயிரிழப்பு அளவிடத்தக்கவாறு குறையாதபோது, வாயில் திறக்கப்பெற்ற குழந்தைகள் உயிர் பிழைத்தனர். இவ்விரு முடிபுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர், காப்புறுதியையும் அணுகலையும் ஒரே அளவுகோலால் அளத்தல் எத்துணைப் பிழையென்பதை உணர்வர். இதனாற் காப்புறுதி பயனற்றது என்று முடிவு கட்டுவோர் சிலர் உளர். அது பொருந்தாது. அரசு முதியோருக்குக் காப்புறுதி அளிக்க முன்வராதிருப்பின், வைத்தியசாலைகளைப் பணியவைக்கும் அப்பணமும் இருந்திராது.

1965இன் அதே சட்டம் வறியோருக்கென மெடிக்கெயிட் என்னும் வேறொரு திட்டத்தையும் உண்டாக்கிற்று. அது மாநிலங்களின் விருப்புக்கு விடப்பட்டது. யார் வறியர் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனக்கேற்ப வரையறுத்தது. அரிசோனா 1982இலேதான் சேர்ந்தது. வைத்தியருக்கு அதன்கீழ்க் கொடுக்கப்பட்ட கட்டணம் குறைவாயிருந்தமையால், அச்சீட்டுடன் வந்தோரை ஏற்க மறுத்த வைத்தியரும் பலர்.

சீட்டைக் கொடுப்பதை விட்டு வைத்தியசாலையையே மக்களிடம் கொண்டு செல்ல முயன்றவர் வைத்தியர் ஜக் கைகர். மாணவப் பருவத்தில் 1957இல் தென்னாபிரிக்கா சென்று, பொலேலா என்னுமிடத்திற் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் நடத்திய சமுதாய நல நிலையத்திற் பயின்றவர் அவர். 1965இல் அரசுப் பணவுதவி பெற்று, வைத்தியர் கவுண்ட் கிப்சனுடன் சேர்ந்து, பொஸ்ரனில் ஒன்றும், முன்னர்க் கூறிய மவுண்ட் பயோவில் ஒன்றுமாக இரு நிலையங்களுக்கு வித்திட்டார். மவுண்ட் பயோ நிலையத்திற்கு வந்த குழந்தைகளின் நோய்க்கு மூலம் பசி. வைத்தியர் மருந்துச் சீட்டில் உணவை எழுதினர். கடைக்காரர் பாலும் இறைச்சியும் கொடுத்து நிலையத்தின் மருந்துக் கணக்கிற் பணம் பெற்றனர். மேலிடத்திலிருந்து இதற்கு விளக்கங் கேட்கப்பட்டபோது, ஊட்டக்குறைவுக்கு வைத்திய நூல்கள் கூறும் மருந்து உணவே என்று கைகர் விடையளித்தார். கிணறு தோண்டுதலும் மலசலகூடங் கட்டுதலும் கூட்டுறவுப் பண்ணை தொடங்குதலும் அந்நிலையத்தின் வைத்தியத்துள் அடங்கின. இன்று அமெரிக்காவெங்கும் பரந்துள்ள சமுதாய நல நிலையங்களின் மூலம் இவையே.

ஆயின் அவ்வூர் மக்கள் தாமே கட்டிய வைத்தியசாலை என்னவாயிற்று? 1967இல் அது சங்கத்தின் கையினின்று நீங்கி, அரசுப் பணத்தில் நடக்கும் சமுதாய வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. அயலூர் வைத்தியசாலைகள் கறுப்பினத்தவரையும் ஏற்கத் தொடங்கியபின் இத்தகைய இடங்களுக்கு வருவோர் குறைந்தனர், அரசுதவியும் குன்றிற்று. 1983இல் அது மூடப்பட்டது. மூடப்பட்ட கறுப்பின வைத்தியசாலைகளுள் அது ஒன்று மாத்திரமே. பெற்ற உரிமையின் பேரேட்டில் இவ்விழப்பும் ஒருபக்கம் எழுதற்பாலது.

அணுகல் என்னும் கருத்தை ஆராய்ச்சியாளர் வரையறுக்க முயன்றதும் இக்காலத்திலேயே. சிக்காகோப் பல்கலைக்கழகத்து றொனால்ட் அன்டர்சன் 1968இல், ஒருவர் வைத்தியனை நாடுதலை மூன்று வகைக் காரணங்களால் விளக்கினார். வயதும் கல்வியும் நம்பிக்கையும் போன்று அவரிடத்தே முன்னமைந்தவை ஒருவகை. வருமானம், காப்புறுதி, அருகில் வைத்தியன் இருத்தல் போன்று நாடுதலை இயல்விப்பவை ஒருவகை. நோயாகிய தேவை ஒருவகை. இவ்வகுப்பிற் காப்புறுதி பல காரணங்களுள் ஒன்றாய் அடங்கியது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரொன்றில் வைத்தியம் பார்த்த யூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல், நல்ல பராமரிப்பு தேவை மிக்க இடத்திற் குறைந்தும் தேவை குறைந்த இடத்தில் மிக்கும் காணப்படுகின்றது என்றெழுதினார். எல்லார்க்கும் இலவச சேவை வந்து இருபத்துமூன்று ஆண்டான பிரித்தானியாவிலிருந்து அக்கூற்று எழுந்தமை கருதற்பாலது.

பின்னர் வந்த ஆய்வுகள் விஞ்ஞானச் சோதனையின் வடிவை மேற்கொண்டன. 1974 முதல் 1982 வரை றான்ட் நிறுவனம், ஜோசப் நியூஹவுஸ் தலைமையில், இரண்டாயிரத்தெழுநூற்றைம்பது குடும்பங்களை வெவ்வேறு காப்புறுதித் திட்டங்களிற் குலுக்கல் முறையாற் சேர்த்தது. கட்டணத்தில் ஒரு பங்கைத் தாமே செலுத்தவேண்டியோர் வைத்தியனை நாடுதல் குறைந்தது. தேவையற்ற பராமரிப்போடு தேவையான பராமரிப்பையும் அவர்கள் ஒருசேரக் கைவிட்டனர். பெரும்பாலோரின் உடல்நலம் அதனாற் கெடவில்லை. வறியவரும் நோயாளருமாயிருந்தோரின் குருதி அமுக்கமோ, இலவசப் பராமரிப்புப் பெற்றோரிடத்தே நன்கு கட்டுப்பட்டது. சராசரியை மாத்திரம் எடுத்தோதியவர்கள் முதற்செய்தியைப் பரப்பினர். இரண்டாவது செய்தி நூலின் உள்ளேயே கிடந்தது.

2008இல் ஒரிகன் மாநிலம், மெடிக்கெயிட்டில் ஏறத்தாழப் பதினாயிரம் இடங்களே எஞ்சியிருக்கத் தொண்ணூறாயிரம் பேர் விண்ணப்பித்தமையாற் சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தெரிந்தது. வறியோருக்கு நேர்ந்த இவ்வவலம் ஆராய்ச்சியாளருக்கு அரிய வாய்ப்பாயிற்று. பிங்கல்ஸ்ரைனும் கதரின் பேய்க்கரும் பிறரும், இடங்கிடைத்தோரையும் கிடையாதோரையும் ஒப்புநோக்கினர். காப்புறுதி பெற்றோர் வைத்தியனை மிகுதியாக நாடினர்; வைத்தியக் கடன் குறைந்தது; மனச்சோர்வு ஏறத்தாழ முப்பது வீதம் தணிந்தது. இரண்டாண்டின் பின்னர்க் குருதி அமுக்கத்திலும் கொழுப்பிலும் நீரிழிவு அளவிலும் உறுதியாகக் கூறத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இவ்விறுதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வறியோர் காப்புறுதியை வீண்செலவு என்றோர் பலர். கடன்காரன் வாயிலில் நிற்காமையும், இரவில் உறக்கம் வருதலும் உடல்நலத்துள் அடங்கா என்று கொள்வோர்க்கே அவ்வாதம் பொருந்தும்.

சீட்டு ஒத்திருந்தும் பராமரிப்பு ஒத்திராமையை 2002இல் தேசிய மருத்துவ நிலையத்தின் அறிக்கையொன்று நிறுவிற்று. வருமானமும் காப்புறுதியும் சமமாயிருந்த விடத்தும் கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் தரங்குறைந்த பராமரிப்பையே பெற்றனர் என்பது அதன் முடிபு. அக்குழுவின் தலைவர் அலன் நெல்சன், அமெரிக்க வைத்திய சங்கத்தின் முன்னாள் தலைவர். கறுப்பின வைத்தியரைப் புறக்கணித்து வந்தமைக்காக அச்சங்கம் 2008இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரிற்று.

2010இற் சனாதிபதி ஒபாமா காலத்துச் சட்டம் மெடிக்கெயிட்டை நாடெங்கும் வறியோர் யாவர்க்கும் விரிக்க எண்ணியது. 2012இல் உயர் நீதிமன்று, அவ்விரிவை ஏற்றலும் மறுத்தலும் மாநிலங்களின் விருப்பம் என்றது. 1966இல் வைத்தியசாலைகளைப் பணியவைத்த அதே படைக்கலம், மத்திய அரசின் பணத்தோடு பிணைத்த நிபந்தனை, இம்முறை மாநிலங்களின்மீது செல்லாதாயிற்று. ஏற்ற மாநிலங்களையும் மறுத்த மாநிலங்களையும் ஒப்புநோக்கிய ஆய்வொன்றை 2021இல் சாரா மில்லர், நொர்மன் ஜோன்சன், லோரா வெரி என்னும் மூவர் வெளியிட்டனர். ஐம்பத்தைந்துக்கும் அறுபத்துநான்குக்கும் இடைப்பட்ட வயதுடைய வறியோரின் இறப்பு, ஏற்ற மாநிலங்களிற் குறைந்தது என்று அவர்கள் கண்டனர். விரிவு நடைமுறைக்கு வந்த நாள் 2014 சனவரி முதலாந் திகதி. அந்நாளில் அதனை ஏற்காது நின்ற மாநிலங்களுள் மிசிசிப்பியும் ஒன்று.